கருச்சோதனைப் பட்டையும் இத்தாவும்

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்திலும் இன்று கருவுற்றதை அறிய ஒரு சிறு பட்டையும் சில துளிச் சிறுநீரும் போதும். நச்சுக்கொடித் திசு சுரக்கும் எச்.சி.ஜி. எனும் புரதத்தைப் பட்டையிலுள்ள எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ள, கோடு தோன்றுகிறது. இப்புரதத்தின் ஆல்ஃபாக் கூறு வேறு மூன்று இயக்குநீர்களுக்கும் பொது. பீட்டாக் கூறே தனித்தன்மை வாய்ந்தது. அதனை இனங்காணும் எதிர்ப்பொருள் முறை 1972இல் அமெரிக்காவில் வெளியானபின் மயக்கம் நீங்கியது.

கோடு தோன்றாவிடில் இத்தா எதற்கு என வினவுவோருண்டு. கருப்பையின் நிலையறிதல் இத்தாவின் நோக்கங்களுள் ஒன்றேயன்றி முழுக் காரணமன்று. மாதவிடாய் நின்ற மூதாட்டியும் கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் இருக்கிறாள். மீட்கத்தக்க தலாக்கில் தம்பதியர் மீண்டும் இணைவதற்கான அவகாசமும் அதுவே. ஆகவே பட்டை இத்தாவைச் சுருக்காது. கரு உண்டென மருத்துவர் உறுதிசெய்தாலோ, தவணை பிரசவம்வரை என்பது தெளிவாகிறது. அதனை மறைத்தலும் ஆகாது.