ஊட்டச்சத்துப் பட்டம் வேலைக்கு ஆகுமா?

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் நம் வணிகர் இல்லங்களில் ஒரே பேச்சு, பிள்ளையை எதில் சேர்ப்பது என்பதுதான். பி.காம். என்றால் கடைக் கணக்குக்கு ஆகும். பொறியியல் என்றால் வெளியூர் வேலை. இது நமக்குத் தெரிந்த கணக்கு. பெண் பிள்ளை வந்து “ஊட்டச்சத்துப் படிக்கிறேன்” என்றால் மட்டும் தகப்பனார் விழிக்கிறார். சமையலைப் படிக்க மூன்று வருடமா என்கிறார்.

அது சமையல் படிப்பு அன்று. வேதியியலும் உடலியலும்தான் அதில் பெரும்பங்கு. நம் நாட்டில் இத்துறையின் ஆராய்ச்சி வேர்விட்டதே தமிழகத்தில்தான். 1918-ல் குன்னூரில் டாக்டர் மக்காரிசன் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நன்றாகத் தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்வோருக்கு வரும் நோய் அது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பக்கம் உள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசி உண்பவர்களை அது அதிகம் அண்டவில்லை. இரண்டு மூட்டையையும் அருகருகே வைத்து விற்கும் நாம், வித்தியாசம் கேட்டால் விலையைத்தான் சொல்கிறோம்!

படிக்க இடத்துக்குக் குறைவில்லை. நமக்கு வெகு அருகே, 1956-ல் தொடங்கி 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராமத்தில் மனையியல் துறை இருக்கிறது. மதுரையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மனையியல் கல்லூரி, இப்போது சமுதாய அறிவியல் கல்லூரி என்ற பெயரில் நடக்கிறது. கோவை அவினாசிலிங்கம் இத்துறையில் பெயர் பெற்றது.

ஆனால் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மூன்று வருட பி.எஸ்ஸி.யோடு நின்றுவிட்டால் பெரிய மருத்துவமனைகளில் டயட்டீஷியன் வேலை கிடைப்பது அரிது. பட்டமேற்படிப்போ முதுநிலைப் பட்டயமோ முடித்து, மருத்துவமனையில் சில மாதம் பயிற்சியும் பெற்று, இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுத் தேர்வையும் எழுதியவருக்கே மதிப்பு. ஆக, ஐந்தரை வருடச் செலவு என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள். தொடக்கச் சம்பளமும் அப்படியொன்றும் பெரிதல்ல. அனுபவம் ஏற ஏறத்தான் வருமானம். அவசரக்காரருக்கு இது ஆகாது.

தபால் வழியில் படிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழிலர் சட்டம் டயட்டீஷியனையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதையொட்டி 2025 கல்வியாண்டு முதல் ஊட்டச்சத்துப் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு தடுத்துவிட்டது. ஏஜெண்டு சொல்கிறார் என்று முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

இன்னொரு தவறான எண்ணமும் நம்மிடையே உலவுகிறது. நம் கடைக்கு வந்து சாம்பிள் எடுக்கிறாரே, உணவுப் பாதுகாப்பு அலுவலர், அந்தப் பதவிக்கு இந்தப் பட்டம் போதும் என்பது. 2011 விதிகளில் உணவுத் தொழில்நுட்பம், பால் தொழில்நுட்பம், வேளாண்மை, உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பட்டங்கள் சொல்லப்பட்டனவே தவிர, ஊட்டச்சத்து என்ற பெயர் அதில் இல்லை. அந்த வேலைதான் குறி என்றால், அவ்வப்போது வரும் அறிவிக்கையைப் படித்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கன்வாடிகளை மேற்பார்க்கும் குழந்தை வளர்ச்சித் திட்டப் பணிகளில் மனையியல், ஊட்டச்சத்துப் படித்தவர்களுக்கு வாய்ப்பு உண்டு.

சரி, கடைக்கு இதனால் என்ன லாபம்? சொந்தமாகப் பாக்கெட் போடுபவர்களுக்கு நிறையவே உண்டு. அரிசி, மசாலாப் பொடி, வெல்லம் போன்றவற்றுக்கு ஊட்டச்சத்து விவரம் அச்சிடுவதிலிருந்து விலக்கு இருக்கிறது. சத்துமாவு, சிறுதானியக் கஞ்சிமாவு, மிக்சர் என்று இறங்கினால் 100 கிராமில் புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று லேபிளில் காட்டியாக வேண்டும். பரிசோதனைக்கூடம் தரும் தாளைப் படிக்கவும், கலவையைத் திருத்தவும் வீட்டிலேயே ஆள் இருந்தால் நல்லதுதானே? “சர்க்கரை நோயைக் குணமாக்கும்” என்று அச்சடித்துவிட்டுச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் தடுக்கவும் அந்தப் பிள்ளை உதவும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான பெரிய ஆய்வு கண்டிருக்கிறது. வரகும் சாமையும் தேடி வருகிறவர்களில் அவர்கள் ஏராளம். தவிடு போகப் பாலிஷ் செய்த வரகில் நார்ச்சத்து குறைந்துவிடும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

கல்லூரியில் சேர்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சேர்வதற்கு அறிவியல் பிரிவு வேண்டுமா, மனையியல் பிரிவு போதுமா, எந்த மருத்துவமனையில் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், போன வருடம் முடித்தவர்கள் இன்று எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு மூன்று பழைய மாணவிகளிடமும் நேரில் பேசிவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள்.