பழைய கணினியும் புதிய முன்பதிவும்: நாடாளுமன்றம் கேட்க வேண்டிய கேள்வி

புது தில்லி: நாடாளுமன்றத்தில் ரயில்வே குறித்து எழுப்பப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை புதிய ரயில், புதிய பாதை, புதிய நிறுத்தம் பற்றியவை. 2025 மழைக்காலக் கூட்டத்தொடரில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அளித்த எழுத்துமூல பதில் ஒன்றோ, பயணிகளின் கண்ணில் படாத ஓர் இயந்திரத்தைப் பற்றியது. 2010-ல் நடைமுறைக்கு வந்த பயணிகள் முன்பதிவு முறை, இட்டானியம் சர்வர்களிலும் ஓபன் விஎம்எஸ் என்ற இயக்க மென்பொருளிலும் செயல்படுகிறது. அதை நவீனத் தொழில்நுட்பத்துக்கு மாற்ற வேண்டியுள்ளது என்று அந்தப் பதில் கூறியது. நிமிடத்துக்குச் சுமார் 25 ஆயிரம் டிக்கெட்டுகள் என்ற திறனை நான்கு மடங்காக்கும் வகையில் புதிய முறை வடிவமைக்கப்படுவதாகவும் அதில் தெரிவிக்கப்பட்டது.

வேகம் பற்றிய எண்கள் தலைப்புச் செய்திகளாயின. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பழைய முறை எந்த இருக்கையை யாருக்கு, என்ன கட்டணத்தில் தந்ததோ, அதையே புதிய முறையும் தரும் என்பதை எப்படி உறுதி செய்வது? அதற்கு உகந்த கருவி, ஓய்வு பெறும் அந்தப் பழைய கணினிதான்.

40 ஆண்டு விதிகள்: 1980-களின் நடுவில் புது தில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியபோது பயன்பட்டது, டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தின் வாக்ஸ் ரகக் கணினி. பெரிய மெயின்ஃபிரேமுக்கும் மேசைக் கணினிக்கும் இடைப்பட்ட நடுத்தர வகை அது. 1986-ல் நிறுவப்பட்ட, 'கிரிஸ்' எனப்படும் ரயில்வே தகவல் முறைமை மையம் பின்னர் இந்தப் பொறுப்பை ஏற்றது. 1999-ல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒரே வலையமைப்பில் இணைந்தன. இயந்திரங்கள் மாறினாலும் இயக்க மென்பொருளின் குடும்பம் மாறவில்லை.

இந்தக் காலத்தில் ஒவ்வொரு ரயில்வே அமைச்சரும் ஏதாவது ஒரு விதியைச் சேர்த்தார் அல்லது நீக்கினார். ஒதுக்கீடுகள், தத்கால், ஆர்ஏசி, காத்திருப்போர் பட்டியல், 45 வயதும் அதற்கு மேலுமான பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை என விதிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. சுற்றறிக்கைகளில் இருப்பது விதியின் வாசகம். அது ஒவ்வொரு சூழலிலும் எப்படிச் செயல்படுகிறது என்பது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில்தான் முழுமையாக இருக்கிறது.

சோதனைக் கணினி அமைப்பது எப்படி?: பழைய நடுத்தரக் கணினி ஒன்றைச் சோதனைக்காக நிறுவுவது, மேசைக் கணினியை இயக்குவது போன்றதன்று. முதலில், அன்றாடப் பணியில் உள்ள இயந்திரத்தைத் தொடாமல் அதே ரகத்தில் வேறொன்றைத் தேட வேண்டும். இட்டானியம் சில்லுகளை அனுப்புவதை இன்டெல் 2021 ஜூலையுடன் நிறுத்திவிட்டதால், உதிரி பாகங்களுக்குப் பழைய இருப்பையும் மறுவிற்பனைச் சந்தையையுமே நம்ப வேண்டும்.

பல ஆண்டுகள் கிடப்பில் இருந்த இயந்திரம் என்றால், மின் இணைப்பு தருவதற்கு முன் மின்வழங்கிப் பகுதியையும் விசிறிகளையும் கடிகார பேட்டரியையும் பார்க்க வேண்டும். பழைய வட்டுகள் எந்நேரமும் பழுதாகலாம். எனவே வட்டில் உள்ளதை முழுமையாகப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டுமே வேலை செய்ய வேண்டும். இத்தகைய சர்வர்களை இயக்க வண்ணத் திரையும் மவுஸும் தேவையில்லை. கேபிள் மூலம் இணைத்த ஒரு மடிக்கணினியே கட்டுப்பாட்டு முனையமாகிவிடும்.

அடுத்த தடை உரிமம். ஓபன் விஎம்எஸ் இயங்குவதற்கு உரிமக் குறியீடுகளைப் பதிவு செய்தாக வேண்டும். அவை இல்லாவிட்டால் கட்டுப்பாட்டு முனையத்திலிருந்து மட்டுமே உள்ளே நுழைய முடியும். சோதனைக்கு நூறு பேர் காத்திருந்தாலும் பயனில்லை. பணியில் உள்ள கணினியின் அதே பதிப்பும் அதே திருத்தங்களும் சோதனைக் கணினியிலும் இருப்பது அவசியம்.

பின்னர் அதை வெளி வலையமைப்பிலிருந்து துண்டிக்க வேண்டும். இல்லையேல் சோதனை டிக்கெட் உண்மையான ரயிலில் இடம்பிடித்துவிடக்கூடும். பயணிகளின் பெயர், கைப்பேசி எண் ஆகியவற்றை மறைத்த பிறகே தரவுகளை ஏற்ற வேண்டும். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிய நாட்டில் இது சலுகையன்று, கடமை.

எதைச் சோதிப்பது?: இதன்பின் ஒரே கோரிக்கையைப் பழைய கணினிக்கும் புதிய முறைக்கும் கொடுத்து, விடைகளை வரிக்கு வரி ஒப்பிடலாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து தில்லி வரை செல்பவர் ஒருவர் டிக்கெட்டை ரத்து செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலியான படுக்கை ஆர்ஏசி பயணிக்குப் போகிறதா, வழியில் நாகபுரியில் ஏறுபவருக்கா, யாருடைய காத்திருப்பு எண் நகர்கிறது என்பதில் இரு விடைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால், பழையதில் இருந்த பிழையா, புதியதில் நேர்ந்த பிழையா என்பதை மனிதர்கள் முடிவு செய்ய வேண்டும்.

கடிகாரத்தை மாற்றி வைத்தும் பார்க்க வேண்டும். ஓபன் விஎம்எஸ் காலத்தை 1858 நவம்பர் 17-லிருந்து கணக்கிடுகிறது. புதிய முறையின் கணக்கு வேறாக இருக்கலாம். பிப்ரவரி 29, நள்ளிரவு, முன்பதிவு தொடங்கும் காலை 8 மணி, 2024 நவம்பரில் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்ட முன்பதிவுக் காலம் ஆகிய அனைத்தும் சோதனைக்குரியவை.

உறங்கும் விதிகளும் உண்டு. ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமுமாக இருந்த மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச் 20-ல் நிறுத்தப்பட்டது. அதை மீண்டும் வழங்கக் கோரி உறுப்பினர்கள் இரு அவைகளிலும் பலமுறை வலியுறுத்தியுள்ளனர். ஏதேனும் ஓர் அரசு நாளை அதற்கு இணங்கினால், "புதிய மென்பொருளில் அதற்கு இடமில்லை" என்ற பதில் வரக்கூடாது.

பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்களைப் புதிய இயந்திரத்தில் இயக்கவும் வழியுண்டு. விடை சரியா என்று பார்க்க அவை உதவும். ஆனால் நெரிசல் நேரத்தில் பழைய கணினி எவ்வாறு தாக்குப்பிடித்தது என்பதை அவற்றால் அளக்க இயலாது.

பிரிட்டன் தரும் பாடம்: போதிய சோதனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்நாட்டின் டிஎஸ்பி வங்கி உதாரணம். 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் வாடிக்கையாளர் கணக்குகள் புதிய கணினி முறைக்கு மாற்றப்பட்டன. லட்சக்கணக்கானோர் தங்கள் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தனர். தலைமை நிர்வாகி அதே ஆண்டில் பதவி விலகினார். இரு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே சில சோதனைகள் நடந்திருந்தது பின்னர் விசாரணையில் தெரிந்தது. 2022 டிசம்பரில் விதிக்கப்பட்ட அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கும் அதிகம்.

நம் நாட்டில் கணினி மாற்றம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும், உறுப்பினர்கள் கேட்க வேண்டியவை மூன்று. பழைய இயந்திரங்களில் ஒன்றேனும் சோதனைக்காகத் தனியே நிறுவி வைக்கப்படுமா? இரு முறைகளின் விடைகளிலும் காணப்பட்ட வேறுபாடுகள் அவையின் முன் வைக்கப்படுமா? அந்த இயந்திரத்தை இயக்கத் தெரிந்த ஊழியர்கள் ஓய்வு பெறுமுன் அவர்களின் அறிவு எழுதி வைக்கப்படுமா?

பழைய கணினியைக் காயலான் கடைக்கு அனுப்ப ஒரு கோப்பில் ஒரு கையெழுத்துப் போதும். அதன்பின் தன் காத்திருப்பு எண் ஏன் நகரவில்லை என்று கேட்கும் பயணிக்கு, சரியான விடை எதுவென ஒப்பிட்டுச் சொல்ல எதுவும் மிஞ்சாது.