சுத்தியல் நல்லா எகிறினா வீடு உறுதியா?

போன மாசம் குளச்சலில் அம்மா வீட்டு முன்தூணில் ஒரு விரிசல் பார்த்தேன். மேலிருந்து கீழாக, முடி கனத்தில். ஓரத்தில் லேசான துருக்கறை. கடல் கூப்பிடு தூரம்தான். 2004 சுனாமிக்கு அடுத்த வருஷம் கட்டிய வீடு. சோதிக்க வந்த தம்பி, விரிசல் இல்லாத பக்கத்தில் ரீபௌண்ட் சுத்தியலைப் பத்துப் பன்னிரண்டு தடவை அழுத்திப் பார்த்துட்டு, "சராசரி 42 வருது அண்ணே. கான்கிரீட்டு கல்லு மாதிரி இருக்கு. மேலே பூசிவிட்டா போதும்" என்றார்.

நான் சாஃப்ட்வேர் ஆள், சிவில் இல்லை. ஆனாலும் ஒரு சந்தேகம். கல்லு மாதிரி இருக்கிற தூணுக்குள் கம்பி எப்படித் துருப்பிடிக்கும்? தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

கருவி எளிமையானது. 1940-களின் கடைசியில் சுவிஸ் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் உருவாக்கியது. உள்ளே ஸ்பிரிங்கால் இழுபட்ட ஓர் எடைக்கட்டி போய் அடிக்கும், எகிறித் திரும்பும். எவ்வளவு தூரம் திரும்பியது என்பதுதான் அந்த எண். பரப்பு கடினமா இருந்தால் எகிறல் அதிகம். கவனிங்க, பரப்பு. தோலுக்கு உள்ளே ஆழத்தில் என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது.

2020 வரை இதைப் பற்றிய இந்தியத் தர விதியாக இருந்த ஐஎஸ் 13311, இரண்டாம் பகுதி, 1992-ல் வந்தது. எகிறல் எண்ணை வைத்துச் சொல்லும் வலிமை 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றது. இன்னொன்றும் சொன்னது: கார்பனேற்றம் அடைந்த கான்கிரீட்டில் வலிமை 50 சதவீதம் வரை கூடுதலாகத் தெரியலாம்.

விஷயமே இங்கேதான் இருக்கு. காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகுது. மேல்பரப்பு இறுகுது, எண் ஏறுது. ஆனா கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பதே அந்தச் சுண்ணாம்பின் காரத்தன்மைதான். நல்ல கான்கிரீட்டில் பிஎச் 12-க்கு மேல் இருக்கும். கார்பனேற்றம் அதை 9-க்குக் கீழே இறக்கிவிடும். கம்பியின் காப்புப் படலம் போச்சு. கடற்காற்றின் உப்பு சேர்ந்தால் இன்னும் வேகம். துருவுக்கு இரும்பைவிடப் பருமன் அதிகம். உள்ளிருந்து நெட்டித் தள்ளி விரிசல் விடும்.

அதாவது எண்ணை ஏற்றிய அதே மாற்றம்தான் கம்பியின் பாதுகாப்பைக் கெடுத்திருக்கு.

ரீபௌண்ட் என்ற சொல் வேறு துறைகளிலும் உண்டு. வயிற்றை டாக்டர் மெதுவா அழுத்திச் சட்டென்று கையை எடுப்பார். எடுக்கும்போது வலி கூடினால் உள்ளே வயிற்றறைச் சவ்வில் அழற்சி இருக்கலாம். இது உள்ளே இருப்பதை வெளியே சொல்லும் எகிறல். ஆனா அதை மட்டும் வைத்து அவர் கத்தி எடுக்கமாட்டார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்ப்பார்.

பொருளாதாரத்தில் இருப்பது நம்மை ஏமாற்றும் எகிறல். நீராவி என்ஜின் சிக்கனமானபோது நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது என்று 1865-லேயே எழுதினார் ஜெவான்ஸ். நம்ம வள்ளத்துக்கே வைத்துப் பாருங்க. மண்ணெண்ணெய் குறைவா குடிக்கிற என்ஜின் போட்டால், மிச்சத்தில் இன்னும் தூரம் போகத் தோணும். மணிக்கு எத்தனை லிட்டர்னு பார்த்தால் லாபம். வருஷக் கணக்கைக் கூட்டினால்தான் உண்மை தெரியும்.

தூணுக்கும் இதே கதைதான். ஓரிடத்து எண் நல்லா இருக்குன்னு மொத்தத்தையும் நம்பிடக்கூடாது.

கடைசியில் என்ன பண்ணினோம்? கொத்தனாரை வைத்து விரிசல் பக்கம் கொஞ்சம் உடைத்து, புது முகத்தில் பினால்ப்தலின் தெளித்தோம். காரம் இருக்கிற இடம் ரோஸ் நிறமாகும். கம்பிக்குப் பின்னால்தான் ரோஸ் தெரிந்தது. முன்னால் முழுக்க வெறும் சாம்பல் நிறம். மேலே பூசி மூடியிருந்தால் துரு உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். இப்போது கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்து, முட்டுக் கொடுத்து, கம்பியைத் திறந்து வேலை நடக்குது.

சுனாமிக்குப் பிறகு நம்ம கரையில் எழும்பிய வீடுகளுக்கு 20 வயசு ஆகிறது. சுத்தியலோடு யாராவது வந்தால் வேண்டாம்னு சொல்லாதீங்க. எண் நல்லா வந்தாலும், "கார்பனேற்றம் எவ்வளவு ஆழம் போயிருக்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்க.