உளற ஆரம்பிச்சா உஷார்!

டிபார்ட்மென்ட் மேட்ச். மொட்டை வெயில், மத்தியானம் 2 மணி. கீப்பிங் நிற்கிற நண்பர்கிட்ட ஸ்கோர் கேட்டா, சம்பந்தமே இல்லாம ஏதோ சொல்றார், தள்ளாடுறார். 'என்ன மச்சி, சரக்கா?'ன்னு கலாய்க்காதீங்க ப்ளீஸ். ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம்!

வெறும் தலைசுற்றல், தசைப்பிடிப்புன்னா நிழல், தண்ணி, ஓ.ஆர்.எஸ்., ரெஸ்ட் போதும். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளை குழம்பிட்டா மேட்டர் சீரியஸ். வேர்வை நின்னாத்தான் ஹீட் ஸ்ட்ரோக்னு நினைக்காதீங்க. ஓடி ஆடுறவங்களுக்கு வேர்த்துக் கொட்டும்போதே வரும். கத்திரி வெயில்லதான் வரும்னும் இல்ல. மெரினா விமான சாகச நிகழ்ச்சிக்குப் போன கூட்டத்தில் 5 பேர் இறந்தது, 2024 அக்டோபர் 6-ல்!

ஒருத்தர் 108-க்கு போன் போடுங்க. மத்தவங்க அவரை நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் பேடு, ஷூவைக் கழற்றி, உடம்பு முழுக்க பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்துங்க. நோட்டு, அட்டை எது கிடைச்சாலும் விசிறுங்க. கூல்டிரிங்ஸ் கடை ஐஸைத் துணியில சுத்தி கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வைங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. குளிர வைக்கிறதுதான் இங்கே மருந்தே. பாரசிட்டமால் வேலைக்கு ஆகாது பாஸ், இது காய்ச்சல் இல்ல. நினைவு தப்பினவர் வாயில சோடா, மோர்னு எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். வாந்தி வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.

தெளிஞ்சதும் 'நான் ஓகேடா'ன்னு கிளவுஸ் மாட்டுவார். விடாதீங்க, ஆஸ்பத்திரிதான். கிட்னி, கல்லீரல் பாதிப்பெல்லாம் லேட்டாத்தான் தெரியவரும்.