பரணும் மானும்



எங்கள் ஒக்கூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழா என்றால், விடிய விடிய நடைபெறும் வள்ளி திருமண நாடகம் பெரும்பாலும் அதில் இடம்பெறும். மேடையின் ஓரத்தில் நான்கு கம்புகளை நட்டுப் பலகை பரப்பிய ஓர் உயர்ந்த இருக்கை இருக்கும். வள்ளி அதன்மேல் நின்று ஆலோலம் பாடித் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டுவாள். வேடனாக வரும் முருகனோ தரையில் நின்று, "இவ்வழியே ஒரு மான் வந்ததா?" என்று வினவுவான். அந்த உயர்ந்த இருக்கையே பரண் எனப்படுவது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பரண் தமிழர்க்குப் புதியது அன்று. சங்க இலக்கியத்தில் இதனை இதணம் என்றும் கழுது என்றும் கூறுவர். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டின் தலைவி, பரண்மீதிருந்து தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் ஒலியெழுப்பிக் கிளிகளை ஓட்டுகிறாள். பயிருக்குப் பகை கிளி மட்டும் அன்று. எங்கள் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட புலவர் ஒக்கூர் மாசாத்தியார், குறுந்தொகையின் 220-ஆம் பாடலில், வரகுக் கொல்லையில் ஆண்மான் மேய்ந்து சென்ற காட்சியைக் காட்டுகிறார். மான் வரும் இடத்தில் உழவனுக்குக் காவல் வேண்டும். காவலுக்குப் பரண் வேண்டும்.

காவலுக்கு எழுந்த பரண், காலப்போக்கில் வேட்டைக்கும் உரியதாயிற்று. வட இந்தியாவில் இதனை மச்சான் என்பர். இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் மான் வேட்டையாடுவோர், கையில் எடுத்துச் சென்று மரத்தில் பொருத்தி, வேண்டாதபோது கழற்றிவிடக்கூடிய பரண்களைப் பயன்படுத்துகின்றனர். இவற்றைத் தேர்ந்தெடுப்பதிலும் அமைப்பதிலும் அடங்கியுள்ள அறிவு வேடனுக்கு மட்டும் உரியது அன்று. காட்டுயிரைக் காண விரும்பும் எவர்க்கும் பயன்படுவது. ஆதலின் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் எழும் வினா, ஏன் மரத்தின்மேல் ஏற வேண்டும் என்பது. விடை மானின் புலன்களில் இருக்கிறது. மானின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. ஆதலால் அது தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றியுள்ள பெரும்பகுதியைப் பார்க்கும். சிவப்பு, ஆரஞ்சு ஆகிய நிறங்களை அது நம்மைப்போல் பிரித்தறிவதில்லை. ஆனால் சிறு அசைவும் அதற்குத் தப்பாது. காதுகளோ ஒலி வரும் திசைக்கெல்லாம் திரும்பும். இவ்விரண்டையும் விட வலியது மூக்கு. காற்றில் மிதந்து வரும் மனித வாடையை வெகு தொலைவிலேயே அது உணர்ந்துவிடும். மேலே ஏறி அமர்பவன் மானின் பார்வை மட்டத்திலிருந்து விலகுகிறான். அவன் வாடையும் ஓரளவு மேலேயே கடந்து செல்ல வாய்ப்புண்டு.

ஆயினும் மேலே ஏறியவுடன் மானுக்கு நாம் மறைந்துவிட்டோம் என்று எண்ணுதல் பிழை. நம் நாட்டுக் காடுகளில் சிறுத்தை மரத்தின்மேல் இருப்பதுண்டு. புள்ளிமான் கூட்டம் மேயும் இடத்தில் மந்திகள் மரத்திலிருந்து தழைகளை உதிர்க்கும். பகை வருவது கண்டால் உரக்கக் கத்தும். அக்குரலைக் கேட்ட மான்கள் மேய்ச்சலை நிறுத்தி நிமிர்ந்து நிற்கும். மந்தியின் கண்ணுக்குத் தப்பாதவன் மானுக்கும் தப்பான் என்பதை நினைவிற் கொள்க.

இனி, இடம் தேர்தல். மான் மேயும் இடத்துக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவே அதற்கென ஒரு தடம் இருக்கும். குளம்புச் சுவடு, புழுக்கை, கொம்பு உராய்ந்த மரப்பட்டை ஆகியவை அத்தடத்தைக் காட்டும். தடத்தைக் கண்டபின் காற்றைப் பார்க்க வேண்டும். ஒரு பிடி மெல்லிய தூளைக் கையிலிருந்து உதிர்த்தால் காற்றின் போக்கு புலப்படும். மானிடமிருந்து நம்மை நோக்கிக் காற்று வரும் பக்கத்து மரமே ஏற்ற மரம். மலைச்சரிவாயின் மற்றொன்றும் கருத வேண்டும்: வெயில் ஏற ஏறச் சூடான காற்று சரிவின்மேல் நோக்கிச் செல்லும், மாலையில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும். காலைக்கு நன்றாக அமைந்த பரண் மாலைக்கு ஆகாமற் போவதன் காரணம் இதுவே.

இடத்துக்குப் பின் மரம். அது உயிருள்ளதாய், நேராய், அமரும் உயரத்திலும் நல்ல பருமன் உடையதாய் இருத்தல் வேண்டும். பட்ட மரம், பொந்து விழுந்த மரம், பட்டை கழன்ற மரம் ஆகியவை ஆகா. முருங்கைக் கிளை எளிதில் முறியும் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர்; அவ்வறிவைக் காட்டிலும் கைவிடலாகாது. ஏறத்தாழ 15 முதல் 20 அடி உயரம் போதுமானது. அதற்குமேல் ஏறினால் மறைவு பெரிதாகக் கூடுவதில்லை. விழுந்தால் நேரும் கேடுதான் கூடுகிறது. முதுகுக்குப் பின்னே இலைச்செறிவு இருந்தால் உட்கார்ந்திருப்பவனின் உருவம் வானத்தின் வெளிச்சத்தில் தனித்துத் தெரியாது.

எடுத்துச் செல்லும் பரண்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். முதலாவது ஏணிப் பரண். ஏணியும் அதன் உச்சியில் இருக்கையும் ஒன்றாக இணைந்தது. ஏற எளிது, உறுதியானது, ஆயின் சுமப்பதற்குக் கனமானது. அதனை மரத்தோடு நிறுத்திக் கட்ட இருவரேனும் வேண்டும். இரண்டாவது தொங்கு பரண். சிறிய இருக்கையும் கால் வைக்கும் தட்டும் உடைய இது, பட்டையாலோ சங்கிலியாலோ அடிமரத்தில் இறுக்கப்படும். கனம் குறைவு, வளைந்த மரத்திலும் ஒருவாறு பொருந்தும். ஆனால் ஏறுவதற்குத் தனிப் படிகள் வேண்டும். மூன்றாவது ஏறு பரண். நம் ஊர்களில் இப்போது காணும் தென்னை ஏறும் கருவியைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். மரத்தைத் தழுவிய இரு பகுதிகளை மாற்றி மாற்றி உயர்த்திக்கொண்டே ஏறுவது அதன் முறை. கிளையற்ற நெடுமரத்துக்கே இது பொருந்தும். புளிக்கும் ஆலுக்கும் பயன்படாது. ஆகவே, எது சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த மரத்துக்கு, எத்தனை தொலைவு சுமப்பதற்கு, எவ்வளவு பழகிய உடலுக்கு என்று கேட்பதே முறை.

மாணவர்களே, இவ்விடத்தில் என் இளமையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் கடலைக் கொல்லையின் ஓரத்துப் புளியமரத்தில் ஒரு பரண் இருந்தது. முந்திய ஆண்டு கட்டியது. இரவுக் காவலுக்குப் போகவிருந்த என் பெரியப்பா மகன், "தம்பி, கயிறெல்லாம் பார்த்தாயா?" என்று என்னைக் கேட்டார். "பார்த்தேன், அண்ணே" என்றேன். நான் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்தேன். கையால் இழுத்துப் பார்க்கவில்லை. ஓராண்டு வெயிலும் மழையும் தின்ற கயிறு, வெளியே முழுதாகவும் உள்ளே இற்றும் இருந்தது. அன்றிரவு கயிறு அறுந்து குறுக்குக் கம்பு சரிந்தது. இடுப்பு முறிந்து கீழே கிடந்த அவரை மறுநாள் விடிந்தபின்தான் கண்டோம். இறுதி நாள் வரை கோலூன்றியே நடந்தார். என்னை அவர் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. அதனாலேயே அந்த ஒரு சொல்லை நான் மறக்கவில்லை. பார்த்தல் வேறு, சோதித்தல் வேறு என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நான் சொன்னதற்கு அந்தக் கயிறே ஆசான்.

பரணுக்குரிய காப்பு விதிகள் அனைத்தும் இத்தகைய வீழ்ச்சிகளிலிருந்து மனிதர் கற்றவையே. பரணில் பெரிய ஆபத்து விலங்கால் வருவதன்று, விழுவதால் வருவது. அதிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் இருக்கைக்கு மாறும்போதும் மிகுதி. ஆதலின் தோளையும் மார்பையும் தொடைகளையும் பிணைக்கும் காப்புக் கச்சையைத் தரையிலேயே அணிந்து, மீண்டும் தரையைத் தொடும் வரை கழற்றாமல் இருத்தல் வேண்டும். கச்சையின் கயிறு தலைக்கு மேலே மரத்தில் பிணைந்திருக்க வேண்டும். இரு கைகள், இரு கால்கள் ஆகிய நான்கில் எப்போதும் மூன்று பற்றுக்கோட்டில் இருக்க வேண்டும். எப்பொருளையும் கையில் பிடித்துக்கொண்டு ஏறலாகாது. மேலே சென்றபின் கயிற்றால் இழுத்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கி அனுமதிக்கப்பட்ட நாடுகளில், குண்டு நீக்கிய பின்னரே அதனைக் கயிற்றில் கட்டுவர்.

தவறி விழுந்து கச்சையில் தொங்க நேரிட்டால், நெடுநேரம் அசையாது தொங்குவதும் ஆபத்து. கால்களில் குருதி தேங்கி மயக்கம் வரும். காலை ஊன்றிக்கொள்ள ஒரு கயிற்று வளையம் உடனிருப்பது நன்று. பருவம் முடிந்ததும் பட்டைகளைக் கழற்றிவிட வேண்டும். மரம் பருக்கப் பருக்கப் பட்டை இறுகி நையும். வெயில் அதன் வலுவை உண்ணும். மரத்துக்கும் அது தளையாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை வீட்டில் ஒருவரிடமேனும் சொல்லிச் செல்ல வேண்டும். எங்கள் அண்ணன் எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று அன்று எவர்க்கும் தெரியாது.

இங்கே உங்களுள் ஒருவர், "அமெரிக்காவில் மான் வேட்டை தகும் என்றால் நம் நாட்டில் மட்டும் ஏன் தகாது?" என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே விலைக்காகக் கட்டுப்பாடின்றிச் சுட்டதால் வெண்வால் மான்கள் மிகவும் அருகிப்போயின. பின்னர்ச் சட்டங்கள் வந்தன. 1937-இல் வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே செலவிட ஒரு சட்டம் வழிசெய்தது. மான்கள் மீண்டும் பெருகின. ஆனால் அவற்றைக் கட்டுக்குள் வைத்திருந்த ஓநாய்களை அதற்கு முன்பே பெரும்பாலான இடங்களில் மனிதர் அழித்துவிட்டனர். ஆகவே உரிமச்சீட்டும் பருவமும் வரையறுத்து, மனிதனே இன்று அங்கே ஓநாயின் வேலையைச் செய்கிறான். நம் காடுகளிலோ புலியும் சிறுத்தையும் செந்நாயும் இன்னும் இருக்கின்றன. மான் அவற்றின் உணவு. பரண்மேல் இருந்து நாம் வீழ்த்தும் மான், புலியின் வாயிலிருந்து பறித்த கவளமே ஆகும்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டையைத் தடுத்தது. கொல்வது மட்டும் அன்று. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து ஈர்ப்பது, இவற்றுக்கு முயல்வது ஆகிய அனைத்தும் அச்சட்டத்தின்படி வேட்டையே. 1976-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்ற அடிப்படைக் கடமைகளுள், காடுகளையும் காட்டுயிர்களையும் காப்பது குடிமகனின் கடமை என்பதும் ஒன்று.

பரணிலிருந்து துப்பாக்கியைக் கீழே வைத்த ஒருவரின் வரலாறு இதற்கு நல்ல விளக்கம். ஜிம் கார்பெட், 1926-இல் ருத்ரபிரயாகையில் 125 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட ஆட்கொல்லிச் சிறுத்தையை, ஒரு மாமரத்துப் பரணில் பல இரவுகள் காத்திருந்து சுட்டவர். அவரே பிற்காலத்தில் புகைப்படக் கருவியை ஏந்தினார். காட்டுயிர்களைக் காக்கப் பேசினார். 1936-இல் நிறுவப்பட்ட, இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1952 பிப்ரவரியில் அவர் ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில், மரத்தின்மேல் கட்டிய ஒரு விடுதியில், இளவரசி எலிசபெத் விலங்குகளைக் காண உடனிருந்தார். அவர் அங்கே தங்கியிருந்த வேளையில்தான் தந்தையார் மறைந்து, இளவரசி அரசியானார். அந்த விடுதியும் ஒரு பரண்தான். அங்கே எவரும் சுடுவதற்காக ஏறவில்லை, காண்பதற்காகவே ஏறினர்.

மாணவ மணிகளே, இடம் அறிதல், காற்று அறிதல், அசையாதிருத்தல், கயிற்றைச் சோதித்தல் ஆகிய அனைத்தும், கையில் இருப்பது வில்லாயினும் குறிப்பேடாயினும் ஒன்றே. இவற்றைக் கற்க இன்றே மரம் ஏற வேண்டியதில்லை. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதும் கூடாது. நம் சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு ஆசிரியரோடு சென்று வாருங்கள். பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டி மக்களை அங்கே காண்பீர்கள். கண்மாய்க் கரையில் காற்றின் போக்கைப் பார்த்து, அரை மணி நேரம் அசையாமல் அமர்ந்து, கண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரப் பொறுமையே பரணின் முதற்படி.

வள்ளியின் பரண் காவலுக்காக எழுந்தது. சிலகாலம் அது கொலைக்கும் துணைபோயிற்று. அதனை மீண்டும் காவலுக்கு உரியதாக ஆக்குவது உங்கள் தலைமுறையின் கையில் இருக்கிறது. ஏறும் நாள் வரும்போது, கயிற்றைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். கையால் இழுத்துப் பாருங்கள்.