உங்களுக்குத் தெரியுமா? வண்டிக்குள் ஆளில்லை, கண்காணிப்பு உண்டு!

■ நெதர்லாந்தின் ராட்டர்டாம் அருகே, கிராலிங்சே சோம் மெட்ரோ நிலையத்திலிருந்து ரிவியம் அலுவலக வளாகத்துக்கு ஓட்டுநர் இல்லாத சிற்றுந்து 1999-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. அதற்கெனப் போட்ட தனிப்பாதையில் புதைத்த காந்தங்களே வழிகாட்டி.

■ பொதுச்சாலையில் காந்தம் போதாது. குறுக்கே வரும் மனிதரையும் சைக்கிளையும் கண்டு நிற்க வேண்டும். இதற்கு உதவுவது லிடார். லேசர் ஒளி பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு அது தூரத்தைக் கணக்கிடுகிறது.

■ பிரான்ஸின் துலூஸ் நகரில், ஆன்கோபோல் மருத்துவ வளாகத்தில் ஈஸிமைல் நிறுவனத்தின் சிற்றுந்து, உள்ளே மேற்பார்வையாளர் இல்லாமல் பொதுச்சாலையில் ஓட 2021-இல் அனுமதி பெற்றது.

■ அதே ஆண்டு ஜெர்மனி இயற்றிய சட்டப்படி, ஓட்டுநரில்லா வண்டிக்குத் தொழில்நுட்ப மேற்பார்வையாளர் ஒருவர் கட்டாயம். அவர் வண்டிக்குள் இருக்க வேண்டியதில்லை. தொலைவிலிருந்தே அதன் தானியங்கி ஓட்டத்தை நிறுத்தலாம்.

■ வண்டியில் இருந்த மேற்பார்வையாளரின் வேலை பிரேக் போடுவது மட்டுமல்ல. முதியவருக்குக் கைகொடுப்பதும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் விரிப்பதும், பதறும் பயணிக்குத் தைரியம் சொல்வதும் அவர்தான். அந்த அக்கறைக்கும் வழி செய்தால்தான் ஆளில்லாப் பயணம் எல்லோருக்குமான பயணமாகும்.