கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்: உள்ளே மணி என்ன?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் சில மாதங்களிலேயே விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒரு சாஃப்ட்வேரை நிறுவிப் பார்க்கிறார்கள். ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் ஓடும், அதற்குள் ஒரு விண்டோவில் லினக்ஸோ பழைய எக்ஸ்பியோ தனியாக ஓடும். உள்ளே ஓடுவதை விர்ச்சுவல் மெஷின் என்கிறோம். அதை ஓட்டுகிற சாஃப்ட்வேருக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். எல்லாம் சரி, உள்ளே இருக்கும் கடிகாரம் மட்டும் ஏன் பின்தங்குகிறது?

முதலில் நிஜக் கம்ப்யூட்டரைப் பார்ப்போம். மதர்போர்டில் காசு போன்ற ஒரு பேட்டரியும், விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகமும் இருக்கின்றன. மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காப்பது இந்த ஜோடிதான். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த நேரத்தை வாங்கிக்கொண்டு, பிறகு தானே எண்ணத் தொடங்குகிறது. விண்டோஸ் வழக்கமாக விநாடிக்கு 64 துடிப்புகளை எண்ணும்.

அந்தக் காலத்து நாழிகை வட்டில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடியில் துளையிட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். அது நிரம்பி மூழ்கினால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, மூழ்கியதும் எடுத்து மீண்டும் மிதக்க விட வேண்டும். அவர் கண்ணயர்ந்தால்? அந்த நாழிகைகள் கணக்கில் வராது. விர்ச்சுவல் மெஷினின் சங்கடமும் இதுதான். பிராசசர் அதற்குச் சொந்தமில்லை. ஹைப்பர்வைசர் தரும்போது ஓடும், தராதபோது தூங்கும். தான் தூங்கியதே அதற்குத் தெரியாது!

இதைக் கேட்டால் 'ஓரிரு விநாடிதானே' என்று தோன்றும். தீர்த்தமலையில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்கு அது ஓர் இரவு முழுவதும் ஆகிவிட்டது. அவருடைய பழைய பில்லிங் சாஃப்ட்வேர் எக்ஸ்பியில்தான் ஓடும். அதனால் புது லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷினாக எக்ஸ்பியை யாரோ போட்டுக் கொடுத்திருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு மூடியைச் சாத்திவிட்டுப் போவார். காலையில் திறந்தால் எக்ஸ்பி இரவு ஒன்பது மணியிலிருந்தே தொடரும். பில்லில் நேற்றைய தேதி விழும். மாதக் கடைசியில் மூடித் திறந்தபோது, 1ஆம் தேதி போட்ட பில்கள் போன மாதத்து ஜிஎஸ்டி கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டன. "பேட்டரி மாத்தணுமாம் மாப்ளே" என்றார். லேப்டாப்பின் மூலையில் இருந்த கடிகாரம் சரியாகவே ஓடியது. வெளியே மணி சரி, உள்ளே தப்பு என்றால் பேட்டரிக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

இதற்குத் தீர்வு 'கெஸ்ட் அடிஷன்ஸ்'. விர்ச்சுவல் மெஷின் ஓடும்போது டிவைசஸ் மெனுவில் 'இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்' என்பதைக் க்ளிக் செய்து, உள்ளே நிறுவுங்கள். அது 10 விநாடிக்கு ஒருமுறை வெளிக்கடிகாரத்தைப் பார்க்கும். சிறு வித்தியாசத்தை மெதுவாகச் சரிக்கட்டும். 20 நிமிடத்துக்கு மேல் என்றால் ஒரேயடியாக மாற்றிவிடும். மாமாவின் பில்கள் இப்போது அன்றைய தேதியிலேயே வருகின்றன. (எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு இன்டர்நெட் தர வேண்டாம்.)

ஹைப்பர்வைசரே கைகொடுக்கும் இன்னொரு வழியும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். துடிப்பை எண்ணும் வேலையையே விட்டுவிடுவது. பிராசசருக்குள் இடைவிடாமல் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண் இருக்கிறது, டிஎஸ்சி என்பார்கள். 'இந்த எண் இவ்வளவாக இருந்தபோது நேரம் இது, எண் இவ்வளவு ஏறினால் இவ்வளவு நேரம்' என்று ஹைப்பர்வைசர் மெமரியில் ஒரு பக்கத்தில் எழுதி வைக்கும். உள்ளே இருக்கும் சிஸ்டம் அதைப் படித்து ஒரு பெருக்கல் போட்டால் போதும். லினக்ஸின் கேவிஎம்மில் இது 'கேவிஎம்-க்ளாக்'. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியிலும் இதே மாதிரி ஏற்பாடு இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்சிலரேஷன் பகுதியில் 'பாராவிர்ச்சுவலைசேஷன் இன்டர்ஃபேஸ்' என்பதை 'டிஃபால்ட்' என்றே விட்டுவிடுங்கள். புதிய லினக்ஸுக்கும் விண்டோஸ் 7 முதலானவற்றுக்கும் ஏற்றதை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் இது ஓடும்போது பிசகாமல் இருக்கத்தான். இரவு முழுக்க மூடி வைத்த மெஷினுக்குத் தேதியைச் சரிசெய்ய கெஸ்ட் அடிஷன்ஸோ இன்டர்நெட் நேரமோ வேண்டும்.

இன்டர்நெட் நேரம் எங்கிருந்து வருகிறது என்கிறீர்களா? நம் நாட்டின் அதிகாரப்பூர்வ நேரத்தை அணுக் கடிகாரங்களை வைத்துக் காப்பது புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் அந்த ஆய்வகத்தின் சர்வர்களோடோ, என்ஐசியின் சர்வர்களோடோ நேரத்தைப் பொருத்த வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. ஒரு திருட்டு நடந்தால் பத்து சர்வர்களின் பதிவுகளை ஒப்பிட வேண்டுமே, பத்தும் பத்து மணி சொன்னால் என்ன செய்வது! வீட்டில் பயன்படுத்தும் நமக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

கடைசியாக ஒன்று. உள்ளே இருக்கும் கடிகாரம் மிகச் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்னேயோ பின்னேயோ இருந்தால், அது மேலே சொன்ன கோளாறே அல்ல. விண்டோஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் இந்திய நேரத்தை எதிர்பார்க்கும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எதிர்பார்க்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், மதர்போர்டு பகுதிக்குப் போய் 'ஹார்ட்வேர் க்ளாக் இன் யுடிசி டைம்' என்ற கட்டத்தைப் பாருங்கள். லினக்ஸுக்கு டிக் இருக்கட்டும், விண்டோஸுக்கு எடுத்துவிடுங்கள்.